'ஹோல்ட்' வசதி கேட்டு ஒரு சீசனைத் தொலைத்த கதை

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எனக்கு இரண்டு போட் இருக்கின்றன. ஒன்று காலையில் திமிங்கிலம், டொல்பின் பார்க்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போகும். மற்றது நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாமலைத் தீவுக்குப் போகும். மே முதல் செப்டெம்பர் வரைதான் உழைப்பு, வாடைக்காற்று பிறந்தால் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். இந்தச் சின்னத் தொழிலுக்கு ஒன்லைனில் கார்ட் மூலம் காசு வாங்க வெளிக்கிட்டு நான் பட்டதை எழுதுகிறேன். வெறுமனே காசு வாங்குவதில் பெரிய கஷ்டம் இல்லை. அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. கம்பனிகளின் வெப்சைட்டில் 'அட்வான்ஸ்ட்' என்று தலைப்புப் போட்டு அழகாக வரிசைப்படுத்தியிருப்பார்களே, அந்தப் படியில் கால் வைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த வருடம் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது.

எனக்கு ஏன் அந்தப் படி தேவைப்பட்டது என்று முதலில் சொல்லவேண்டும். திருகோணமலையில் கரைக்குக் கிட்டவே கடல் பாதாளமாக இறங்குகிறது. கோணேசர் கோயில் பாறைக்கு வெளியே அதிக தூரம் போகாமலே நீலத்திமிங்கிலம் தென்படுவது அதனால்தான். ஆனால் கச்சான் காற்று விடியற்காலையிலேயே பலமாக எழும்பிவிட்டால் சின்ன போட் வெளிக்கிட முடியாது. போவதா இல்லையா என்பது சில நாட்களில் கரையில் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் முடிவாகும். இது ஒரு பக்கம். மறுபக்கம், வட்ஸ்அப்பில் "நாளைக்கு ஆறு பேர்" என்று பதிந்துவிட்டு வராமல் விடுகிற ஆட்கள். நாங்கள் பெற்றோல் அடித்து, ஓட்டிக்கும் உதவிக்கு வருகிற பொடியனுக்கும் சொல்லிவைத்து, வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு நிற்போம். அவர்கள் ஹோட்டலில் நித்திரை. போன் எடுத்தால் பதில் இல்லை.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதைத்தான் ஹோல்ட் என்கிறார்கள். பெரிய ஹோட்டல்களில் உள்ளே போகும்போது கார்டை வாங்கிச் செய்வார்களே, அதே விஷயம். வாடிக்கையாளரின் கார்டில் தொகை ஒதுக்கிவைக்கப்படும், ஆனால் எடுக்கப்படாது. போட் போனால் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். கடல் விடாவிட்டால் விடுவித்துவிடலாம். அவர் வராமல் விட்டால், முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிய தொகையை எடுக்கலாம். பொதுவாக ஒரு கிழமையளவுக்கு அந்த ஒதுக்கீடு நிற்கும், எங்களுக்கு அது போதும். விடுவித்தால் ரிஃபண்ட் என்ற பேச்சே வராது.

வெளிநாட்டில் ஒரு சின்னக் கடைக்காரர் இதை, ஒன்லைனில் கார்ட் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் போன்ற கம்பனிகளில் இரண்டு கிளிக்கில் எடுத்துக்கொள்கிறார். இலங்கையில் பதிந்த வியாபாரத்துக்கு ஸ்ட்ரைப் கணக்கு இல்லை. பேபாலிலும் நீண்டகாலமாக இங்கிருந்து காசு அனுப்பலாம், பெறமுடியாது என்ற நிலைதான் இருந்தது. அதனால் இதே வேலையைச் செய்கிற உள்ளூர்க் கம்பனி ஒன்றைத் தேடினேன், கேட்வே கம்பனி என்பார்கள். ஒன்றின் வெப்சைட்டில் ஹோல்ட், கார்டைச் சேமித்துவைத்தல், டொலரில் விலை போடுதல், எல்லாமே பட்டியலில் இருந்தன. போன் எடுத்துக் கேட்டேன். "அண்ணா, எல்லாம் இருக்கு, கணக்குத் திறந்தவுடன போட்டுத் தாறம்" என்று ஒரு தம்பி நல்ல தமிழில் சொன்னார். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் அனுப்பிக் கணக்கும் திறந்தாயிற்று. டவுனில் ஒரு தம்பியைப் பிடித்து வெப்சைட்டை இணைக்கச் சொன்னேன். அவருக்கு 85,000 ரூபா. சோதனைத் தளத்தில் எல்லாம் அருமையாக வேலை செய்தது. பொய்க் கார்ட் இலக்கம் போட்டு ஹோல்ட் வைத்தார், விடுவித்தார், எடுத்துக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உண்மையான தளத்துக்கு மாற்றிய அன்று, முதல் வாடிக்கையாளர் கார்டைப் போட்டதும் "இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. தம்பி தன்னுடைய கோடில் பிழை தேடித் தேடி இரண்டு இரவு முழித்தார். பிழை அங்கே இல்லை. சோதனைத் தளத்தில் எல்லா வசதியும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், உண்மைத் தளத்தில் உங்கள் கணக்குக்கென்று தனியாகத் திறந்துவிட்டதுதான் வேலை செய்யும். இது பல கம்பனிகளில் உள்ள நடைமுறை என்று பிறகுதான் அறிந்தேன். ஆகவே வெப்சைட் செய்பவருக்கு முழுக் காசையும் கொடுக்குமுன், உங்கள் உண்மையான கணக்கில், உங்கள் சொந்தக் கார்டால், ஒரு 100 ரூபாயாவது ஹோல்ட் வைத்து விடுவித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரிவந்த பிறகு மிச்ச வேலையைத் தொடங்கட்டும்.

கம்பனிக்கு எழுதினேன். ஒரு இலக்கம் தந்து காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு இன்னொருவர் எழுதினார், அவர் முதலில் எழுதியதைப் படிக்கவில்லை என்று தெரிந்தது. போனில் தமிழுக்கு எண்ணை அழுத்தினால் சிங்களத்தில் பேசுகிற ஒருவர் எடுப்பார். எனக்குச் சிங்களம் தெரியும், சமாளித்தேன், தெரியாதவர் என்ன செய்வார் என்று யோசித்தேன். கடைசியில் பதில் வந்தது. அந்த வசதி வேண்டுமானால் பிறைவேட் லிமிட்டெட் கம்பனியாக இருக்கவேண்டும், இரண்டு வருடக் கணக்காய்வு அறிக்கை வேண்டும், மாதம் இவ்வளவு இலட்சம் புரளவேண்டும், அதோடு 5 இலட்சம் ரூபா வைப்பில் போடவேண்டும். விற்பனைக்குப் பேசிய தம்பியை எடுத்தேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாயால் சொன்னது எதற்கும் பெறுமதி இல்லை. கணக்குத் திறக்குமுன் இமெயில் போட்டு, "என்னுடைய வியாபாரம் தனி உரிமை, மாதம் இவ்வளவுதான் புரளும், இந்த வசதி என் கணக்குக்குக் கிடைக்குமா, யார் அனுமதி கொடுப்பது, எவ்வளவு நாள் எடுக்கும்" என்று கேளுங்கள். "ஆம்" என்று எழுத்தில் வந்தால் பிறகு பிடித்துக் கேட்கலாம். மழுப்பலாகப் பதில் வந்தால் அதுவே பதில்தான்.

சீசன் தொடங்கிவிட்டது. வெப்சைட்டில் ஹோல்ட் இல்லை, முழுக்காசையும் எடுக்கிற சாதாரண முறைதான் இருந்தது. அதை வைத்தே ஓட்டலாம், கடல் விடாத நாளில் ரிஃபண்ட் கொடுக்கலாம் என்று நினைத்தோம். வேறு வழியும் இல்லை. ஆறு பேருக்கு ஆளுக்கு 9,000 படி 54,000 ரூபா. கம்பனியின் வெட்டு 3.3 வீதம், அதாவது 1,782 ரூபா. ரிஃபண்ட் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு 54,000 முழுதாகப் போகவேண்டும், வெட்டிய 1,782 எனக்குத் திரும்பாது. போட்டும் போகவில்லை, நான் கையால் கட்டுகிறேன். அந்த வருடம் கச்சான் வழமையைவிட அதிகம் குழப்பியது. சீசன் முடிய இந்தக் கழிவில் மட்டும் 70,000 ரூபாவுக்குக் கிட்டப் போயிருந்தது.

அதைவிட ரிஃபண்டை நானாகக் கொடுக்கமுடியாது என்பதுதான் பெரிய தலையிடி. அதுவும் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குள்தான் இருந்தது. இமெயில் போடவேண்டும், அவர்கள் வங்கிக்கு அனுப்பவேண்டும், வாடிக்கையாளரின் வங்கி ஏற்கவேண்டும். இரண்டு மூன்று கிழமை பறந்துவிடும். ஜெர்மனிக்குத் திரும்பிப் போன ஒரு தம்பதி தினமும் எழுதினார்கள். காசு போய்ச் சேர்ந்தபோது கொடுத்ததைவிடச் சில யூரோ குறைவாக இருந்தது. ரூபாவில் எடுத்து ரூபாவில் திருப்பியதால் மாற்று வீத வித்தியாசமும், அவர்களுடைய வங்கி வெட்டிய வெளிநாட்டுக் கட்டணமும் அதற்குள் போய்விட்டன. நான் அமுக்கிவிட்டேன் என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் அவர்கள் மேல் இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஜூலை நடுவில், ஆட்கள் நிறைந்து வழிகிற நேரம், என் வங்கிக் கணக்குக்குக் காசு வருவது நின்றது. ரிஃபண்ட் விகிதம் அதிகமாம், கணக்கு பரிசீலனையில் இருக்கிறதாம். 6 இலட்சத்துக்கு மேல் அங்கே கிடந்தது. இங்கே பெற்றோல் செட்டுக்குக் கடன், ஓட்டிக்குச் சம்பளம், ஒரு எஞ்சினுக்கு உதிரிப்பாகம். மனைவியின் காப்பு அடகுக்குப் போனது. அவ ஒன்றும் சொல்லவில்லை, கழற்றித் தந்தா. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உழைத்த காசு கண்ணுக்கு முன்னால் திரையில் இலக்கமாகத் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. ஹோல்ட் வசதி தந்திருந்தால் இவ்வளவு ரிஃபண்டே நடந்திருக்காது. அதைத் தராமல் விட்டுவிட்டு, ரிஃபண்ட் கூடிவிட்டது என்று காசை மறித்தால் என்ன நியாயம் என்று எழுதினேன். அந்த இமெயிலுக்குப் பதில் வரவில்லை.

என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவைத்தவர் என்னோடு படித்தவர். கொழும்பில் ஒரு வங்கியின் கார்ட் பிரிவில் நெடுங்காலம் இருந்தவர். "மச்சான், நீ காசு வாங்கிறதா நினைக்கிறாய். பேங்க் உனக்குக் கடன் குடுக்கிறதா நினைக்குது" என்றார். கேட்வே கம்பனிக்குப் பின்னால் ஒரு வங்கி இருக்கிறது, கார்டில் வரும் காசை எடுத்துத் தருவது அதுதான். வாடிக்கையாளர் இன்று காசு கட்டி, நான் ஒரு மாதம் கழித்துப் போட்டில் ஏற்றவேண்டும். இடையில் நான் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், வாடிக்கையாளர் தன் வங்கியிடம் முறையிட்டால், என்னிடம் பிடிக்கமுடியாத காசை அந்த வங்கிதான் கட்டவேண்டும். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பின்னால் நடக்கவேண்டிய சேவை என்றால் அந்த நாள்கணக்கு கட்டிய அன்றிலிருந்து இல்லை, சேவை நடக்கவேண்டிய நாளிலிருந்து தொடங்கும். ஆகவே சுற்றுலா, டிக்கெட், வகுப்புக் கட்டணம் மாதிரி முன்காசு வாங்குகிற தொழில்களை அவர்கள் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மிக்சர் விற்கிற கடைக்காரருக்குச் சுலபமாகக் கிடைப்பது எனக்குக் கிடைக்காமல் போனதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொன்னார். வெப்சைட்டில் போட்டிருக்கும் வசதிகள் கேட்வேயின் மென்பொருளால் செய்யக்கூடியவை. உனக்கு எது கிடைக்கும் என்று தீர்மானிப்பது பின்னால் இருக்கும் வங்கியின் இடர்ப் பிரிவு. விற்பனைக்குப் பேசுகிறவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். இதைக் கேட்டபிறகு என் கோபம் கொஞ்சம் இடம் மாறியது. போகவில்லை, இடம் மாறியது. ஏனென்றால் இந்த விளக்கத்தை வெப்சைட்டில் இரண்டு வரியில் போட அவர்களால் முடியும்.

இடைநடுவில் வேறு யோசனைகளும் வந்தன, அவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் லண்டனிலோ கனடாவிலோ ஒரு மச்சான் இல்லை? அவருடைய பெயரில் கணக்குத் திறந்து இங்கே பாவிக்கலாம் என்று பலர் சொன்னார்கள். நிலாவெளிப் பக்கம் தங்குவிடுதி வைத்திருக்கும் ஒரு தெரிந்தவர் அப்படிச் செய்தார். சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு வியாபாரம் எங்கே நடக்கிறது என்று ஆவணம் கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை, காசோடு கணக்கு முடங்கியது. அங்கே இருக்கிற மச்சானுக்கு அது வருமானம் என்று வரிக் கடிதம் வேறு. குடும்பத்துக்குள் இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை. பக்கத்துப் பெரிய ஹோட்டலின் மெஷினில் என் வாடிக்கையாளரின் கார்டை உரசுவது இன்னொரு யோசனை. கார்ட் விதிகளின்படி அதுவும் பிழை. பிடிபட்டால் இரண்டு பேருடைய கணக்கும் போகும், பிறகு வேறு வங்கியில் எடுப்பதும் கஷ்டம்.

மறித்த காசை எடுக்க எனக்கு உதவியது கடதாசிதான். கடல் விடாமல் ரத்தான ஒவ்வொரு நாளுக்கும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றைய அறிவித்தலை அச்செடுத்தேன். வாடிக்கையாளரோடு நடந்த வட்ஸ்அப் பேச்சு, புறாமலைக்கு எடுத்த அனுமதிச் சீட்டுகள், ரிஃபண்ட் கேட்டு நானே முதலில் எழுதிய இமெயில்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் கட்டி அனுப்பினேன். ஒரு முறைப்பாடும் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வங்கிக்குப் போகவில்லை, எல்லா ரிஃபண்டும் நானாகக் கொடுத்தது என்பதை முதல் பக்கத்தில் எழுதினேன். அத்தோடு, முடிவு வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதுவேன் என்று மரியாதையாகச் சொன்னேன். அங்கே போகுமுன் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டிருக்கவேண்டும், அதனால் எல்லாம் எழுத்தில் இருப்பது நல்லது. காசு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. அடகு மீட்க வட்டியோடு போனோம்.

அடுத்த சீசனுக்கு நான் ஹோல்டைத் துரத்தவில்லை. வங்கிக்குப் பயம் தருவது காசு வாங்குவதற்கும் போட் போவதற்கும் இடையில் உள்ள நாட்கள் என்றால், அந்த நாட்களைக் குறைத்தேன். இப்போது பதிவு இலவசம். பயணத்துக்கு முதல்நாள் மாலை, கடலைப் பார்த்து, ஓட்டியோடு பேசிவிட்டு, போகலாம் என்று நம்பிக்கை வந்தால்தான் பேமென்ட் லிங்க் அனுப்புவேன். இரவு ஒன்பதுக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. லிங்க் அனுப்புவது என் கணக்கிலேயே இருக்கிற சாதாரண வசதி, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ரிஃபண்ட் இப்போது அபூர்வம். வராமல் விடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், கட்டியவர் எழும்பி வருவார். மாதக்கணக்கில் முன்னால் பதிய விரும்புகிறவர்கள் சிலரை இழக்கிறேன், அது உண்மை.

கம்பனியையும் மாற்றினேன். புதியதைத் தெரிந்தபோது வீதத்தை மட்டும் பார்க்கவில்லை. ரிஃபண்டை நானே கொடுக்கலாமா, கொடுத்தால் வெட்டிய கழிவு திரும்புமா, காசு எத்தனை நாளில் வரும், எந்தக் காரணத்துக்காக மறிப்பார்கள், பின்னால் இருக்கும் வங்கி எது என்று எழுத்தில் கேட்டேன். அரை வீதம் கூடத்தான், ஆனாலும் ரிஃபண்ட் பட்டன் என் கையில் இருக்கிறது. கரையில் நேரே வந்து ஏறுகிறவர்களுக்கு போனால் ஸ்கேன் செய்து காசு கட்டுகிற லங்காகியூஆர் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் போன் வழிக் கட்டண முறையான யூபிஐயை இங்கே ஏற்கத் தொடங்கியதிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வருகிற இந்தியக் குடும்பங்கள் அதிலேயே கட்டிவிடுகிறார்கள். எனக்கு ரூபாவாக வந்து சேர்கிறது.

இந்த வருடம் புதிய கம்பனியே ஹோல்ட் தருவதாக எழுதியது. ஒரு நிபந்தனை. வருகிற ஒவ்வொரு தொகையிலும் 10 வீதத்தை ஆறு மாதம் தங்களிடம் வைத்துக்கொள்வார்களாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெற்றோல், கூலி, எஞ்சின் தேய்மானம் எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது வரவில் ஐந்தில் ஒன்று. அதில் பாதி சீசன் முழுக்க அவர்களிடம் கிடக்கும். வாடைக்காலத்தில் திரும்பி வரும்தான், ஆனால் பெற்றோல் செட்காரர் மே மாதத்திலேயே கேட்பார். வேண்டாம் என்று எழுதினேன். 3 வீதமும் இரண்டு மாதமும் என்றால் பேசலாம் என்றும், எங்களுடைய ரிஃபண்ட் கணக்கை இணைத்தும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.